ரப்பர் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

கார் கழுவும் கொட்டகையில் அவளுக்குக் கோந்தக்கா என்று பேர். வண்டிகளில் ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கர், டேப், மரப்பிசின், தார் என்று எதுவானாலும் எடுப்பது அவள் வேலை. பேர் வைத்தவன் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவன். பதிலுக்கு அவள் அவனுக்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. வைக்கப் பயம். அவளுக்குப் பதிலாக மற்றவர்கள் சேர்ந்து அவனைக் குழாய் என்று கூப்பிட்டார்கள்.

அவள் பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் வயிற்றுவலி என்றாள். அந்த வயிற்றுவலி அப்படியே நீண்டு படிப்பு நின்றுபோனது. கல்யாணமான புதிதில் கணவன் வேலை தேடிப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எப்போது வருவீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்டால் கோபித்துக்கொள்வானோ என்று பேசாமல் இருந்துவிட்டாள். அவனும் வரவில்லை. தம்பி வந்து, "வாக்கா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று அழைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து தம்பி வீட்டின் இரண்டு அறைகளில், சமையலறையை ஒட்டினாற்போல் இருப்பது அவள் அறை.

முதலில் பழைய பாட்டில் கடையில் வேலை. பாட்டில்களைத் தொட்டியில் ஊறப்போட்டு, லேபிளை உரித்து, பிசுக்கு போகத் தேய்த்து அடுக்க வேண்டும். மற்ற பெண்கள் கம்பி நாரால் பரபரவென்று தேய்ப்பார்கள். கீறல் விழுந்த பாட்டிலைக் கடைக்காரர் தூக்கி எறிவார், கூடவே இரண்டு வார்த்தை திட்டுவார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தே இவள் விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தாள். நேரமாகும். ஆனால் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும்.

கார் கொட்டகையில் பாலிஷ் மெஷின் பிடிக்கிற தம்பி அதைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னான். இப்படித்தான் அவள் கார்களிடம் வந்து சேர்ந்தாள்.

இங்கேயும் அதே விரல்தான். முதலில் வெந்நீரில் நனைத்த துணியைப் பசையின் மேல் போட்டு வைப்பாள். இளகியதும் எண்ணெய் தடவி, பழைய பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கைவாட்டில் வைத்துத் தள்ளுவாள். அதற்கும் மசியாவிட்டால்தான் தின்னர். அந்த டின்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பசையையும் கரைக்கும், சாயத்தையும் கரைக்கும், ஆளையும் கரைத்துவிடும் என்று நினைப்பாள். அதனால் தின்னர் போடும் முன் எப்போதும் ஒரு சொட்டைப் பஞ்சில் எடுத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அதுவும் வெளியே அல்ல. கதவைத் திறந்து, உள்பக்க விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில்தான். தப்பித் தவறி ஏதாவது ஆனாலும் வெளியே தெரியாது பாருங்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் அன்றைய பொழுது பிழைத்தது.

அந்தக் கருஞ்சிவப்புக் கார் வந்த நாளிலும் அப்படித்தான் செய்தாள். வினை அங்கேதான் இருந்தது.

காரைக் கொண்டுவந்தவர் உயரமான மனிதர். கூட அவர் மனைவி. இரண்டு பக்கக் கதவிலும் அவருடைய கம்பெனி பேரைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். கம்பெனியை மூடியாகிவிட்டது, ஸ்டிக்கரை அவரே உரித்துவிட்டார். பசை மட்டும் எழுத்து எழுத்தாகத் தங்கி, அதன் மேல் தூசி அப்பி, பேரைக் கறுப்பில் எழுதியது போலக் கிடந்தது.

"மதியம் வருவேன். இந்தப் பேரு என் கண்ணுலயே படக் கூடாது," என்றார் முதலாளியிடம். அதற்குள் மனைவி இறங்கிக் கதவைச் சாத்தினாள். "மெதுவா! மெதுவா! எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று ஒரு சத்தம். குழாயின் கையிலிருந்த குழாயே ஒருமுறை ஆடிப்போனது.

அந்த அம்மா கதவை அறையவில்லை. இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, இரண்டு கையாலும்தான் சாத்தியிருந்தாள். அதற்குத்தான் அந்தச் சத்தம்.

ஓட்டுநர் பக்கக் கதவில் முதலில் கை வைத்தாள். பசை காய்ந்து, அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெந்நீருக்கும் எண்ணெய்க்கும் பாதிதான் வந்தது. தன் அறையிலிருந்து முதலாளி, "என்ன, இன்னும் அதே கதவா? மதியத்துக்குள்ள முடியுமா, முடியாதா?" என்று குரல் கொடுத்தார். தின்னரை எடுத்தாள். உள்பக்க விளிம்பில் தொட்டுப் பார்த்தாள். பஞ்சு வெள்ளை. துடைத்தாள். கதவு பளிச்சென்று வந்தது.

மறுபக்கக் கதவுக்குப் போனபோது ஒன்று கவனித்தாள். இந்தப் பக்கத்துப் பசை காயவே இல்லை. மஞ்சளாக, மெத்தென்று, விரலில் நூல் நூலாக வந்தது. ஒரே கார், ஒரே ஸ்டிக்கர். ஒன்று கிழடு, ஒன்று இளசு. அது எப்படி என்று ஒரு நொடி தோன்றியது. யோசிக்க ஏது நேரம்? உள்பக்க விளிம்பில் ஒரு சொட்டு வைத்தாள். பஞ்சு வெள்ளை. துணியை நனைத்துக் கதவின் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

துணியில் சிவப்பு.

விரல் வெட்டுப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். எங்காவது ஒரு வெட்டு இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள். விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. கதவைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, பால் ஆறினால் ஆடை சுருங்குமே, அப்படிச் சாயம் சுருங்கியிருந்தது.

அவளுக்கு வேலை போவது இரண்டாவது பயம். முதல் பயம் தம்பி.

போன மாதம்தான் தம்பி ஒரு வெள்ளைக் காரின் கூரை ஓரத்தில் மெஷினைக் கூடுதலாக அழுத்திச் சாயத்தைத் தீய்த்துவிட்டான். முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இன்னொரு வண்டியில சாயம் போச்சுன்னா, மெஷினை வெச்சுட்டு நடையைக் கட்டு. சப்பைக்கட்டு கட்டிக்கிட்டு என் முன்னால நிக்காதே." தம்பி மனைவிக்கு வயிற்றில் பிள்ளை. இவள் பசையை எடுத்து முடித்ததும் இதே கதவில் மெஷின் வைக்கப் போகிறவன் தம்பிதான்.

சட்டென்று ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கதவின் மேல் ஊற்றினாள். என்ன ஆச்சரியம், சுருக்கம் மறைந்தது. ஈரத்தில் கதவு முழுவதும் ஒரே மினுமினுப்பு. உயிர் போய் உயிர் வந்தது. மிச்சமிருந்த பசையை எண்ணெயாலேயே எடுத்துவிட்டாள். இளம் பசை, கேட்காமலே வந்தது. எண்ணெயே போதும் என்று முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெயில் பட்டுத் தண்ணீர் ஓரத்திலிருந்து உலர உலர, அந்த இடம் மறுபடி கண் திறந்தது. மறுபடி ஒரு குவளை.

"என்ன கோந்தக்கா, கதவுக்குக் காய்ச்சலா? பத்துப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்றான் குழாய்.

"சூடா இருக்கு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் என் மேலயும் ஊத்துங்க. எனக்கும் சூடாத்தான் இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் குனிந்து, கதவின் கண்ணாடிக்குக் கீழே ஓடும் கறுப்பு ரப்பரின் மேல் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். ரப்பரின் விளிம்பில், நூல் அகலத்துக்கு, ஒரு சிவப்புக் கோடு. நகத்தால் தொட்டாள். சாயம்.

கார் கம்பெனியிலிருந்து வரும் புது வண்டியில் சாயம் அடித்து முடித்த பிறகுதான் ரப்பரை மாட்டுவார்கள். ரப்பரில் சாயம் பட வழியில்லை. ஆக, பிற்பாடு யாரோ இந்தக் கதவை வெளிப்பக்கம் மட்டும் புதிதாக அடித்திருக்கிறார்கள். அடித்த பிறகு புதிதாக ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பசை இளசு. உள்பக்கம் பழைய சாயம், தின்னருக்கு அசையவில்லை. வெளிப்பக்கம் மேலாக அடித்த சாயம், கரைந்து வந்துவிட்டது. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டாளே, அந்த இடம்தான் அவளை ஏமாற்றியது.

தப்பு தன்னுடையது இல்லை என்பதைவிட, தப்பு தம்பியுடையது ஆகாது என்பதில் நெஞ்சு லேசானது. சொல்லிவிடலாம். ரப்பரைக் காட்டினால் போதும். அவள் நிமிர்ந்தபோது, "அக்கா, தள்ளிக்கோ" என்று தம்பி மெஷினோடு நின்றுகொண்டிருந்தான்.

நில்லுடா என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு, பள்ளிக்கூடத்தில் ஒட்டிய அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மெஷின் உறுமியது. ஒரு சுற்று சுற்றியதும் தம்பி நிறுத்தினான். ஈரம் போய்ச் சுருக்கம் வெளியே வந்திருந்தது. அவன் முகம் பேயறைந்தது போல் ஆனது. அந்த நேரம் பார்த்து வாடகைக் காரிலிருந்து உயரமானவரும் மனைவியும் இறங்க, அவர்களை அழைத்துக்கொண்டு முதலாளி வந்தார்.

முதலாளி பார்த்தது ஒரு கெட்டுப்போன கதவையும், அதன் முன்னால் கையில் மெஷினோடு நின்ற தம்பியையும்.

"டேய்..." என்றார்.

"நான் மெஷினை வைக்கும்போதே இப்படித்தாங்க இருந்துச்சு," என்றான் தம்பி.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னே."

உயரமானவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவருகே வந்து குனிந்து பார்த்தார். "வாங்கின நாள்லேருந்து ஒரு கீறல் விழாத வண்டி. கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கு. என் வீட்டுல ஒருத்தரையும் இதுல கை வைக்க விட்டதில்ல. கொண்டுவந்து உங்ககிட்ட விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கம்பெனி பெயிண்ட் என்றாரா? அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்றால் யாருக்குத் தெரியும்? கண் தானாகவே அவர் மனைவியிடம் போனது.

அந்த அம்மா கெட்டுப்போன இடத்தைப் பார்க்கவே இல்லை. ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. வேண்டாம் என்பதுபோல் முகவாய் சற்று அசைந்தது, அவ்வளவுதான்.

அந்த முகம் இவளுக்குப் பழக்கமான முகம். அறையில் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். கதவை மெதுவாகச் சாத்தியதற்கே அத்தனை சத்தம் போட்ட மனுஷன், காரை எங்கோ இடித்துவிட்டுச் சாயம் அடித்து மறைத்தாள் என்று தெரிந்தால் வீட்டில் போய் என்ன செய்வார்? சொன்னால் அந்த அம்மாவின் கதி அது. சொல்லாவிட்டால் தம்பியின் கதி இது.

"மெஷினைக் கீழ வை," என்றார் முதலாளி. "போ. கணக்கை நாளைக்கு வந்து முடிச்சுக்கோ."

தம்பி மெஷினைத் தரையில் வைக்கக் குனிந்தான்.

"நான்தாங்க."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவளுமே திரும்பிப் பார்த்திருப்பாள், பின்னால் சுவர்தான் இருந்தது. தின்னர் டின்னைத் தூக்கிக் காட்டினாள். "இதைப் போட்டுத் தேய்ச்சேன். அவன் தொடுறதுக்கு முன்னாலயே சாயம் வந்துடுச்சு. துணியைப் பாருங்க. தண்ணி ஊத்தி மறைச்சேன். என் கைதாங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. துணியை விரித்தாள். குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முதலாளி இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை கேட்டதில்லை. "நீயா?" என்றார்.

உயரமானவர் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. கண்ணில்லையா என்றார், கையில்லையா என்றார், இதையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க," என்றாள் மனைவி. "ஒரு கதவுதானே. புதுசா அடிச்சுக் குடுத்துடுவாங்க."

"உனக்கு என்ன தெரியும் வண்டியைப் பத்தி? பேசாம நில்லு."

"அடிச்சுக் குடுத்துடறோம் சார். எங்க பொறுப்பு," என்றார் முதலாளி அவசரமாக.

"அதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு இடமா பாத்துக்கறேன். இன்னும் எதையெதைக் கெடுத்து வெச்சிருக்கீங்களோ." அவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கதவின் கீழ்விளிம்பிலிருந்து பார்க்கத் தொடங்கினார். வெளிச்சம் மெல்ல மேலே ஏறியது. கைப்பிடி. சுருங்கிய இடம். வெளிச்சம் ரப்பரில் வந்து நின்றது.

"இது என்ன? இங்க என்ன சிவப்பா?"

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பசைங்க," என்றாள் கோந்தக்கா.

"பசையா?"

"தின்னர் பட்டு இளகுச்சுங்க. சாயத்தையும் இழுத்துக்கிட்டு ஓரத்துல வந்து நிக்குது. எடுத்துடலாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் இந்த ஜன்மத்தில் சொன்ன முதல் பெரிய பொய் அது. பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். அவள் உண்மை சொல்லும்போதும் யார் கண்ணையும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எடு அப்போ. இதையாவது உருப்படியா எடு."

அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேல் நின்றார். அவள் எண்ணெய் தொட்டு, கோட்டின் ஒரு முனையில் நகத்தை வைத்தாள். நடுங்குகிற கையால் இந்த வேலை செய்ய முடியாது. மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு வந்தது. தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தன் நகத்தாலேயே கடைசி வரை உரித்து, துணியில் துடைத்தாள். ரப்பர் கறுப்பாக, ஒன்றும் தெரியாதது போல் கிடந்தது.

"ம்," என்றார் அவர். விளக்கை அணைத்தார். முதலாளியோடு பேசிக்கொண்டே அறைப்பக்கம் நடந்தார்.

மனைவி கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, தகரக் கதவு போட்ட ஒர்க்‌ஷாப். அங்கதான் அடிச்சேன். அங்கயே கேளுங்க, கலர் ஒத்துப்போகும். வேற இடத்துல அடிச்சா வித்தியாசம் தெரியும். அவர் கண்டுபிடிச்சுடுவார்."

"சரிங்க."

"அவர் ஊர்ல இல்லாதப்போ ஒரே ஒரு தடவை எடுத்தேன். கேட் தூணு..." ஈரக் கையை உதறினாள். "உங்களுக்கு வேலை போயிடுமா?"

"தெரியலங்க," என்றாள். அது உண்மை.

வேலை போகவில்லை. நாளையிலிருந்து நீ காருக்குள் விரிக்கிற மேட் மட்டும் கழுவு, எந்த டின்னையும் தொடாதே என்றார் முதலாளி. தகரக் கதவு ஒர்க்‌ஷாப்பைப் பற்றி அவள் மெல்லிய குரலில் சொன்னபோது அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரப்பரைப் பார்த்தார். காரை அங்கேதான் அனுப்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா. ரப்பர்ல இருந்தது பசை இல்ல," என்றான்.

"பசைதான்."

"நான் மெஷின் பிடிக்கிறவன்க்கா. பெயிண்ட் எது, பசை எதுன்னு எனக்குத் தெரியாதா? அதை முதலாளிகிட்ட காட்டியிருந்தா நீயும் தப்பிச்சிருப்பே, நானும் தப்பிச்சிருப்பேன். காட்டப் பயமா?"

"ஆமா. பயம்தான். வாயை மூடிக்கிட்டு நட."

தம்பி நின்றுவிட்டான். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை. மூடிக்கொண்டு நடந்தான்.

சாப்பாடு போடும்போது தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். "என்ன அண்ணி, நகத்துக்குச் சாயமெல்லாம் போட்டிருக்கீங்க? அதுவும் ஒரே ஒரு விரலுக்கு!"

நகக்கண்ணில் கருஞ்சிவப்பு ஏறியிருந்தது. சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை. தின்னர் தொட்டால் போய்விடும். தொடக் கூடாது என்றல்லவா உத்தரவு.

கதவு புதிதாகி, உயரமானவர் காரை எடுக்க வந்த நாளில் அவள் கொட்டகையின் கோடியில் மேட் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வெயிலில் நின்று இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்தார். ரப்பரில் விரலை ஓட்டினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அவள் நகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ம்," என்றார்.

மனைவி ஏறிக் கதவைச் சாத்தினாள், இரண்டு கையாலும். "மெதுவா!" என்றார் அவர். கார் வாசலைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் கோந்தக்கா கையிலிருந்த மேட்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். குழாயை எடுத்துத் தண்ணீர் பீய்ச்சப் போனவன் அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, அந்த மேட்டை விடுங்க. பிழிஞ்சு பிழிஞ்சு அது செத்தே போச்சு."